மூன்றாவது டிபன் பாக்ஸ்

எனக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. டாக்டர் கேட்டபோதுதான் எனக்கே அது உறைத்தது. பெரியவள் வைத்துவிட்டுப் போன அரை இட்லி, சின்னவன் ஓரம் மட்டும் கடித்த தோசை, டம்ளர் அடியில் ஆறிப்போன பால், எல்லாம் பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கத்தில் நின்றபடியே உள்ளே போய்விடும். அதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை. சோற்றைக் கொட்டினால் பாவம் என்று அம்முச்சி, அம்மாவின் அம்மா, சொல்லி வளர்த்த பழக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்காரர் துணிக்குச் சாயம் போடுகிற டையிங்கில் மெக்கானிக். அவருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். பெரியவள் அப்போது மூன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு மூன்று வயது. அத்தை கூட இருந்ததால்தான் நான் வேலைக்கே போக முடிந்தது. சாதாரண நாளில் ஐந்தரைக்குக் கிளம்பிவிடலாம். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், எட்டரை ஆகிவிடும். வந்து வீட்டுப்பாடம் பார்த்து, மறுநாள் காய் நறுக்கி வைத்து, என் வாய்க்குள் ஏதாவது போகும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். போன கையோடு சின்னவனை அணைத்துப் படுத்துவிடுவேன். நான் படுக்காமல் அவன் தூங்க மாட்டான்.

முதலில் வந்தது ஏப்பம், புளித்த ஏப்பம். அப்புறம் சாயங்காலமானால் வயிறு உப்பி, சுடிதார் நாடா இறுக ஆரம்பித்தது. கம்பெனியில் ஒரு அக்கா, "என்ன கண்ணு, விசேஷங்களா?" என்று கேட்டே விட்டார். சிரித்துச் சமாளித்தேன். பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தபோது அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வெளிக்குப் போவது இரண்டு நாளைக்கு ஒருமுறை, சில வாரம் மூன்று நாளைக்கு ஒருமுறை. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? பிள்ளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சில் எரிச்சலும் அழுத்தமுமாக எழுந்து உட்கார்ந்தேன். வியர்த்திருந்தது. வீட்டுக்காரர் நைட் ஷிப்டில். அத்தையை எழுப்பி, அவர் பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பி, அவர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது என்றார்கள். இதற்குப் போய் இத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்தோமே என்று திரும்பி வரும்போது கூச்சமாக இருந்தது. இப்போது அந்தக் கூச்சம் இல்லை. நெஞ்சழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தாலோ, கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, அது 'கேஸ்' என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. ஈசிஜியும் ரத்தமும் பார்த்து டாக்டர் சொன்ன பிறகு கேஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு மாதத்துக்கு, அமிலத்தைக் குறைக்கிற பான்டோப்ரசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதை நான் ஒரு வருடம் போட்டேன். பழைய அட்டையைக் காட்டினால் மெடிக்கலில் கொடுத்துவிடுவார்கள். அதையும் சாப்பிட்ட பிறகு, மற்ற மாத்திரைகள் மாதிரியே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

நடுவில் சொந்த வைத்தியம் ஒன்றும் பார்த்தேன். நாலைந்து வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து எல்லாவற்றையும் மாற்றினேன். அரிசியே கிடையாது, மூன்று வேளையும் சிறுதானியம். வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு இரண்டு பல். மதியம் முளைகட்டிய பயறு ஒரு கிண்ணம். அவர்களுக்கு வழக்கமான சமையல், எனக்குத் தனியாக ஓர் அடுப்பு. பூண்டு நெஞ்சை இன்னும் எரித்தது. மூன்றாம் நாள் வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. ஒன்பதாம் நாள் மாதக் கடைசி, ஷிப்மென்ட். மத்தியானம் சாப்பிட நேரமில்லாமல் நான்கு மணிக்கு எதிர் பேக்கரியில் முட்டை பப்ஸும் டீயுமாக என் விரதத்தை முடித்துக்கொண்டேன். நார்ச்சத்தை ஒரே நாளில் இரண்டு மடங்கு மூன்று மடங்காக ஏற்றினால் குடல் உப்பத்தான் செய்யும். வாரத்துக்குக் கொஞ்சமாக, தண்ணீரையும் சேர்த்து ஏற்ற வேண்டும். அது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு சமையல் நிற்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் செய்தேன்.

அடுத்த வருடம் கோயம்புத்தூரில் ஒரு குடல் நோய் டாக்டரைப் பார்த்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்து, காரம் குறைத்துவிட்டேன், புளி குறைத்துவிட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?"

"பத்து, பத்தரைங்க சார்."

"படுக்கறது?"

"உடனேங்க. பையனைத் தூங்க வைக்கணும்."

சீட்டின் பின்பக்கம் ஒரு பையை வரைந்தார். மேலே சுருக்குப் போட்ட வாய். நின்றால் உள்ளே இருப்பது அடியில் நிற்கும். சுருக்கு தளர்ந்திருக்கும்போது படுக்க வைத்தால் வாய் வழியே கசியும். நிறைய எண்ணெய், காபி டீ, வயிறு முட்டச் சாப்பிடுவது எல்லாம் அந்தச் சுருக்கைத் தளர்த்தும் என்றார். சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் நடுவே மூன்று மணி நேரமாவது வேண்டும். மெதுவாக, நன்றாக மென்று சாப்பிடுங்கள் என்றும் சொன்னார். அவர் வீட்டில் சின்னப் பையன் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் கீழ்ப்பக்கம் லேசான அழற்சி மட்டும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்த இடத்தில், பெரும்பாலும் இந்தக் கிருமிதான் காரணம் என்று காட்டியதற்கு ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் வாங்கினார்கள். மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தவர். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்கில் முடிகிற வேலை. எத்தனை பத்தியம் இருந்தாலும் அது போகாது. அதனால்தான் வருடக்கணக்கில் மாத்திரை வாங்கிப் போடாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, மலத்தில் ரத்தம் அல்லது தார் மாதிரிக் கறுப்பு, ரத்தசோகை, நிற்காத வாந்தி இருந்தால் உணவை மாற்றிப் பார்க்கிற பேச்சே கூடாது, நேராக டாக்டர்தான். இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும். அதையும் அவரிடமே சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டுமாம். வயிற்றில் அமிலம் சுரக்கிற பம்புகள் சாப்பிடும்போதுதான் முழு வேகத்தில் ஓடும், மருந்து அதற்கு முன்னால் அங்கே போயிருக்க வேண்டும். ஒரு வருடம் பாதி வீணாக விழுங்கியிருக்கிறேன். சரி, இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்றதற்கும் திட்டு. மாதக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும்; உணவு நேரம் ஒழுங்கான பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று அவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

கிளம்பும்போது, மூன்று வாரம் எதையும் மாற்றாதீர்கள், சாப்பிட்டதையும் மணியையும் வயிறு செய்ததையும் எழுதி மட்டும் வாருங்கள் என்றார். நோட்டு வாங்கினால் பெரியவள் அதில் படம் வரைந்துவிடுவாள். அடுப்படியில் தொங்குகிற நாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். இருபத்தோரு தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவற்றைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது நான் சந்தேகப்பட்ட ஆளே இல்லை. ரசமும் மிளகாயும் பாவம். எரிச்சல் வந்த பதினொரு இரவில் பத்து இரவு நான் பத்து மணிக்கு மேல் சாப்பிட்டிருந்தேன். உப்புசம் வந்த நாட்களில் டீ நான்கு, ஐந்து. கூடவே சின்னவன் மிச்சம் வைத்த பால். தண்ணீர் என்று எழுதிய இடமே அபூர்வம்.

அந்த மிச்சத்தை ஒரு வாரம் வாயில் போடாமல் ஒரு தூக்குப்போசியில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று இட்லி அளவு, அதுபோகப் பாதி டம்ளர் பால். இதை எல்லாம் தின்றுவிட்டுத்தான், "நான் எங்கே சாப்பிடறேன்" என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

இனி தனிச் சமையல் கிடையாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். எதை மாற்றினாலும் அது எல்லாருக்கும் வைக்கிற அதே குண்டாவில் மாற வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டாம். முதல் மாற்றம் சாப்பாட்டிலேயே இல்லை, நேரத்தில். ஐந்தரைக்கு வருகிற நாளில் ஏழேகாலுக்குக் குழந்தைகளோடு நானும் தட்டு போட்டு உட்கார்ந்தேன். "ஏம்மிணி, மாப்பிள்ளைக்கு முன்னாடியேவா?" என்று அத்தை கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்டது, "இத்தனை நாளு ஏம்மிணி நின்னுட்டே தின்ன? உடம்புல எங்க ஒட்டும்?"

ஒன்றரை ஷிப்ட் நாளுக்குத்தான் வழி தெரியவில்லை. எட்டரைக்குக் கிளம்பி ஒன்பதுக்கு வந்தால் மூன்று மணி நேர இடைவெளிக்கு எங்கே போவது? அதற்குத்தான் மூன்றாவது டிபன் பாக்ஸ். காலையில் பெரியவளுக்கு ஒன்று, எனக்கு மத்தியானத்துக்கு ஒன்று. இன்னொன்றில் இரவுச் சாப்பாடும் அப்போதே கிளம்பிவிடும். கெட்டுப்போகாதது எதுவோ அது: இட்லிக்கு எள்ளுப்பொடி, சப்பாத்தி, இல்லையென்றால் இடியாப்பம் மாதிரிப் பிழிந்து தாளித்த சந்தகை. ஆறு மணி டீ பிரேக்கில் எல்லாரும் பேக்கரிக்குப் போகும்போது நான் அதைத் திறந்துவிடுவேன். முதல் வாரம் கிண்டல் செய்தார்கள். இரண்டாவது மாதம் இன்னும் இரண்டு பேர் கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு வாழைப்பழமோ அரை டம்ளர் மோரோ, அவ்வளவுதான். இந்த ஒன்றிலேயே மூன்று வாரத்தில் இரவு எரிச்சல் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. மற்ற எதையும் செய்ய முடியாதவர்கள் இதை மட்டுமாவது செய்யலாம் என்பேன்.

கட்டில் விஷயம் எனக்கே சிரிப்பாக இருந்தது. தலைமாட்டை ஆறு அங்குலம் உயர்த்தச் சொல்லியிருந்தார். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் நசுங்கும். கட்டில் காலையே தூக்க வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் கட்டிட வேலை நடந்த இடத்தில் கேட்டு நான்கு செங்கல் கொண்டு வந்தார், தலைமாட்டுக் கால் ஒன்றுக்கு இரண்டு. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே வருகிறது, அமிலம் அவ்வளவாக ஏறுவதில்லை. சின்னவனை என் இடது பக்கத்துக்கு மாற்றினேன். அவனைப் பார்த்துப் படுத்தால் தானாகவே இடது பக்கம் ஆகிவிடும்.

டீயை விடுவது எனக்குப் பிள்ளை பெற்றதைவிடக் கஷ்டம். ஐந்தை இரண்டாக்கினேன். காலையில் எழுந்ததும் குடிப்பதை நிறுத்தி, இட்லிக்குப் பிறகு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. முதல் மூன்று நாள் தலைவலி, பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். நான்காம் நாள் சரியாகிவிட்டது.

எரிச்சல் குறைந்தும் உப்புசம் விடவில்லை. அப்போது டாக்டர் சொன்னதுதான் ஃபாட்மேப் விஷயம். சில வகை மாவுச்சத்தும் சர்க்கரையும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கொண்டு வந்த முறை: அவற்றை இரண்டிலிருந்து ஆறு வாரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது. பட்டியலில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், கொண்டைக்கடலை, மாம்பழம் எல்லாம் இருந்தன. கொங்குச் சமையலில் அதையெல்லாம் எடுத்துவிட்டால் உப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும். இரண்டு பிள்ளைகளோடு முழுசாக என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். சரி, சந்தேகம் அதிகமாக இருக்கிற மூன்றை மட்டும் பாருங்கள் என்றார். ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் நிறுத்தி, ஒரு வாரம் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது.

வெங்காயத்தில் ஒரு விஷயம் கற்றேன். குழம்பில் கிடக்கிற சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி ஓரம் வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அதில் இருக்கிற ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், ஏற்கெனவே குழம்பில் இறங்கியிருக்கும். ஆனால் எண்ணெயில் அது கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் மட்டும் வதக்கி, மணம் இறங்கியதும் எடுத்துவிட்டுத் தாளித்தால் வாசமும் உண்டு, வயிற்றுக்கும் ஒன்றுமில்லை. கடைசியில் வெங்காயம் எனக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஓட்டல் தயிர் வெங்காயம் மாதிரி பச்சையாக நிறையத் தின்றால் மட்டும் உப்பும்.

கொண்டைக்கடலையில் பாதி குற்றம் என்னுடையது. அவசரத்தில் ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடேயே குக்கரில் வைத்துவிடுவேன். பயறுகளில் இருக்கிற ராஃபினோஸ் மாதிரியான சர்க்கரைகளைச் செரிக்க நம் குடலில் நொதியே கிடையாது. ஊறுகிற தண்ணீரில் அவற்றில் கொஞ்சம் கரைந்து வெளியே வரும். இப்போது இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கிறேன். அதற்கு மேலும் கடலையைக் குறைத்து, பச்சைப்பயறு கடைசலைக் கூட்டினேன். அம்முச்சி வீட்டில் வாரம் இரண்டு முறை செய்கிற சாப்பாடு அது; நான்தான் வேலைக்குப் போன பிறகு மறந்திருந்தேன்.

மாட்டியது பால். சின்ன வயதில் குடித்ததுதானே என்று நம்பவே மாட்டேன் என்றேன். குழந்தைப் பருவம் தாண்டினால் பால் சர்க்கரையைச் செரிக்கிற லாக்டேஸ் நொதி உலகத்தில் மூன்றில் இரண்டு பேருக்குக் குறைந்துவிடுகிறதாம். ஐந்து டீ, பிள்ளையின் மிச்சம், இரவு ஒரு டம்ளர் என்று அரை லிட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு டீயில் இருக்கிற பால் என்னை ஒன்றும் செய்வதில்லை. தயிரில் அந்தச் சர்க்கரையைப் பாக்டீரியா ஏற்கெனவே கொஞ்சம் தின்றிருக்கும், அதுவும் ஒத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்துக்கு ராகியும் எள்ளும் மோரும் இருக்கின்றன. மிச்சப் பாலுக்கு வழி, டம்ளரில் பாதி மட்டும் ஊற்றுவது. கேட்டால் இன்னும் ஊற்றலாம். தட்டிலும் அதேதான், முதலில் ஒரு இட்லி. பெரியவள் இரண்டாவது கேட்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், நிர்பந்தித்து ஊட்டிய காலத்தில் அது வந்ததில்லை.

மலச்சிக்கலுக்கு நான் கண்டது சுலபம், செய்வதுதான் கஷ்டம். ஒரு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளைச் சோற்றில் அது பேருக்குத்தான் இருக்கும். நூறு கிராம் கொய்யாவில் ஐந்து கிராமுக்குக் குறையாது. பழ வண்டிக்காரரிடம் தினமும் இரண்டு வாங்கிக் கம்பெனி மேஜையில் வைத்தேன். பொரியலை ஒரு கரண்டியிலிருந்து மூன்றாக்கினேன், சோறு தானாகக் குறைந்தது. தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டில், மதியத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று கணக்கு.

ஆனால் உண்மையில் உதவியது இருபது நிமிடம் முன்னதாக எழுந்தது. சாப்பிட்டதும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும். காலையில் அது பலமாக இருக்கும். நானோ அந்த நேரத்தில் ஜடை பின்னிக்கொண்டு, ஷூ தேடிக்கொண்டு, ஏழு ஐம்பது வேனுக்கு ஓடுவேன். வருகிற உணர்ச்சியைத் தினமும் அடக்கினால் குடல் கேட்பதையே நிறுத்திவிடுகிறது. இப்போது ஆறேகாலுக்கு வெந்நீரும் இரண்டு இட்லியும், அப்புறம் பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொள்வேன். வெஸ்டர்ன் டாய்லெட் என்பதால் சின்னவனின் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலுக்கு அடியில் போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்வேன். அவன் வெளியே நின்று, "என் ஸ்டூலைக் குடு" என்று கதவைத் தட்டுவான். வீட்டுக்காரர் வந்து தூக்கிப்போவார். அந்தப் பத்து நிமிடம் அவர் பொறுப்பு என்று பேசி வைத்தோம். பேசாமல் எதுவும் நடக்கவில்லை. புதன், ஞாயிறு மாவாட்டுவதும் அவர்தான். ஒரே தடவை ஆட்டி ஏழு நாள் ஓட்டியபோது ஐந்தாம் நாள் தோசை எனக்குப் புளித்த ஏப்பமாகத்தான் திரும்பி வரும்.

எட்டு மாதத்தில் மாத்திரை முழுதாக நின்றது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் தின்றுவிட்டு, பத்து மணிக்குக் கறிக்குழம்பும் சாப்பிட்டு, ஒரு வாரம் பழைய கதை. மறுபடி காலண்டர் தாளை எடுத்தேன். பத்து நாளில் அடங்கியது.

சின்னவன் இப்போது ஒன்றாம் வகுப்பு, தனியாகத் தூங்கிவிடுவான். செங்கல்லை எடுத்துவிடலாமா என்று போன வாரம் வீட்டுக்காரர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவன்தான் கத்தினான். கட்டில் நேராகிவிட்டால் அவன் காரெல்லாம் எப்படி ஓடும்? தலைமாட்டில் நிறுத்தி விட்டால் கால்மாடு வரை தானாகப் போகிறதே. செங்கல் அங்கேயேதான் இருக்கிறது.